குவானஹுவாத்தோவுக்குத் தனியாகப் போகலாமா?

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மார்ச்சில் ஒரு வாரம் விடுப்பு, கூட வர ஆள் இல்லை, மெக்ஸிகோவின் குவானஹுவாத்தோ படங்களைப் பார்த்து மனசு அங்கே போய்விட்டது. ஒரு பெண் தனியாகப் போகலாமா? எத்தனை நாள் வேண்டும்? கறி, மீன் தொடாதவருக்கு என்ன கிடைக்கும்? கடைசியாக, தயங்கித் தயங்கி, ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கும், அதற்கு என்ன செய்வது? நான் அந்த ஊருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் தனியாகத்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

போகலாம். ஒரு வாரம் இருக்கிறதென்றால் ஐந்து இரவு அந்த ஒரே ஊரில் தங்குங்கள். பலர் மெக்ஸிகோ சிட்டியிலிருந்து வந்து ஒரு இரவு தங்கி, நாலு இடம் பார்த்து, மலை மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இது வண்ண வீடுகள் உள்ள இன்னொரு ஊர், அவ்வளவுதான். இந்த ஊரில் வழி தப்ப வேண்டும். தனியாக இருப்பவருக்கு அது எளிது. கூட ஒருவர் இருந்தால் "இந்தப் பக்கம்தானே?" என்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பார்.

வழி ஏன் தப்பும் என்றால், ஊர் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகலான மலை இடுக்கு. அடியில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வெள்ளி அகப்பட்டது. யாரும் திட்டம் போட்டு ஊர் கட்டவில்லை. சுரங்கத்துக்கு வந்தவர்கள் கிடைத்த சரிவில் வீடு கட்டிக்கொண்டார்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மிஞ்சியது சந்து ஆனது. கயெஹோன் என்பார்கள் அந்தச் சந்துகளை. பாதிக்கு மேல் படிக்கட்டுகள்தான், கார் நுழையாது. ஆறோ அடிக்கடி ஊரை முழுங்கியது. 1905ஆம் ஆண்டு வெள்ளம் பெரிய நாசம். அதன் பிறகு மலையைக் குடைந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பினார்கள். 1960களில் காய்ந்துபோன ஆற்றுப் படுகையையே சாலையாக்கினார்கள். இன்றைக்கு ஊரின் போக்குவரத்தில் பெரும்பகுதி உங்கள் காலுக்குக் கீழே, கல் வளைவுகளுக்கு அடியில் ஓடுகிறது. மேலே மனிதர்கள் நடக்கிறார்கள்.

படத்தில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாடு முதல் நாள் என்னைத் திணறடித்தது. வெளியூர்ப் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து "சென்த்ரோ", அதாவது நடு ஊர், என்று எழுதிய டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டுநர் "சென்த்ரோ!" என்று குரல் கொடுத்ததும் நாலு பேரோடு நானும் இறங்கினேன். பார்த்தால் சுரங்கப் பாதை. ஈரக் கல் சுவர், டீசல் புகை, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு நடைமேடை. கைபேசியைப் பார்த்தால் நீலப் புள்ளி ஊரின் நடுச் சதுக்கத்தில் நிற்கிறது. உண்மைதான், சதுக்கம் என் தலைக்கு மேலே இருந்தது. காய்கறிப் பையோடு இறங்கிய ஒரு பாட்டி என்னைப் பார்த்துவிட்டு விரலை மேலே காட்டி "அர்ரீபா, அர்ரீபா" என்றார். பின்னாலேயே போனேன். இருட்டில் ஒரு படிக்கட்டு, எண்ணி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. மேலே வந்ததும் கண் கூசும் வெயில், மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய தேவாலயம். பாட்டி அதற்குள் காணோம். அப்புறம் அந்த ஊரில் கைபேசி வரைபடத்தை நான் நம்பவில்லை. வழி தெரியாவிட்டால் இறக்கத்தைப் பிடியுங்கள். ஊர் ஒரு கிண்ணம் மாதிரி, எந்த ஓரத்திலிருந்து இறங்கினாலும் நடுவுக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

இதிலிருந்தே தங்குமிட விஷயமும் வருகிறது. அறை பதிவு செய்யும்போது "வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி?" என்று கேளுங்கள். மலைச்சரிவில் உள்ள வீடுகளில் மொட்டை மாடிக் காட்சி அபாரம், ஆனால் ஒவ்வொரு முறையும் நூறு, நூற்றைம்பது படி. சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம், முதுகுப்பை போதும். நடுச் சதுக்கத்தின் மேலேயே அறை எடுத்தால் நள்ளிரவு வரை மரியாச்சி பாட்டு. இரண்டு தெரு தள்ளி, போசீத்தோஸ் தெருப் பக்கமோ பரத்தீயோ சதுக்கத்தின் பக்கமோ நல்லது. எங்கே தங்கினாலும் நாய்க் குரைப்பு உண்டு. அங்கே நாய்கள் மொட்டை மாடியில்தான் குடியிருக்கும். ஒன்று ஆரம்பித்தால் கிண்ணம் முழுக்கச் சுற்றி வரும். ஏதாவது ஒரு புனிதரின் திருநாள் என்றால் விடியற்காலையிலேயே வேட்டு. நம் ஊர்த் திருவிழாவில் வளர்ந்தவருக்கு இது பெரிய விஷயமில்லை.

போகும் வழி உங்களுக்குச் சுலபம். ஹூஸ்டனிலிருந்து லெயோன் நகரின் விமான நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து டாக்ஸியில் அரை மணி, முக்கால் மணி. மெக்ஸிகோ சிட்டி வழியாக வந்தால் வடக்குப் பேருந்து முனையத்திலிருந்து சொகுசுப் பேருந்தில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மெக்ஸிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா கடவுச்சீட்டில் ஒட்டியிருந்தால் தனி விசா தேவையில்லை. ஒட்டியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வேலை அனுமதிக் காகிதம் கையில் இருந்து, ஒட்டிய விசா காலாவதியாகியிருந்தால் அது செல்லாது. டிக்கெட் எடுக்கும் முன் மெக்ஸிகோ தூதரகத் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பாதுகாப்பு. பூசி மெழுகாமல் சொல்கிறேன். குவானஹுவாத்தோ என்பது ஊரின் பெயர், அது இருக்கும் மாநிலத்தின் பெயரும் அதுவே. செய்தியில் நீங்கள் படித்துப் பயந்தது பெரும்பாலும் மாநிலத்தைப் பற்றியது. அண்மை ஆண்டுகளில் மெக்ஸிகோவிலேயே அதிகக் கொலைகள் பதிவான மாநிலங்களில் அது ஒன்று. பெட்ரோல் குழாயில் திருடும் கும்பலும் போதைக் கும்பலும் மோதிக்கொள்வது அதற்கு ஒரு காரணம். அது மிகுதியாக நடப்பது செலாயா, சலமான்கா, இராபுவாத்தோ போன்ற சமவெளித் தொழில் நகரங்களில். மலைக்குள் இருக்கும் இந்தப் பல்கலைக்கழக ஊரின் நடுப்பகுதி வேறு மாதிரி. அதற்காக அசட்டையாக இருக்கச் சொல்லவில்லை. வாடகைக் கார் எடுத்து மாநிலத்தைச் சுற்றாதீர்கள். ஊர் விட்டு ஊர் போவதைப் பகலில், நல்ல பேருந்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றுக்கும் நடுத் தெருக்களில் மாணவர்களும் குடும்பங்களும் நடமாடுவார்கள், அங்கே நானும் தனியாக நடந்தேன். ஆள் இல்லாத மேட்டுச் சந்துகளுக்கு இருட்டியபின் போகவில்லை, சுரங்கச் சாலை நடைமேடையிலும் இறங்கவில்லை. டாக்ஸியில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள், மீட்டர் இருக்காது. அவசர எண் 911.

இனி பார்க்க வேண்டியவை. எல்லாவற்றையும் அடுக்கப் போவதில்லை.

முதல் நாள் அல்ஹோந்திகா தெ கிரனாதித்தாஸ் போங்கள். ஜன்னல் குறைவான, கோட்டை மாதிரி ஒரு தானியக் கிடங்கு. 1810 செப்டம்பர் 16 அதிகாலை பக்கத்து ஊரான தொலோரெஸில் பாதிரியார் மிகெல் இதால்கோ ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக விடுதலைக் குரல் கொடுத்தார். செப்டம்பர் 28 அன்று அவருடைய கூட்டம் இங்கே வந்தபோது ஸ்பானியர்கள் தங்கள் வெள்ளியோடு இந்தக் கிடங்குக்குள் பூட்டிக்கொண்டார்கள். பீப்பிலா என்று பெயர்பெற்ற ஒரு சுரங்கத் தொழிலாளி, குண்டு படாமலிருக்க முதுகில் ஒரு கற்பலகையைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தான் என்பது ஊர் சொல்லும் கதை. அடுத்த ஆண்டே இதால்கோவும் இன்னும் மூன்று தலைவர்களும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு தலைகளையும் கொண்டுவந்து இதே கட்டடத்தின் நான்கு மூலைகளில் இரும்புக் கூண்டில் தொங்கவிட்டார்கள். 1821 வரை பத்து வருஷம் அவை அங்கேயே தொங்கின. வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள், கொக்கிகள் இருக்கின்றன, மூலைக்கு மூலை பெயரும் இருக்கிறது. உள்ளே படிக்கட்டுச் சுவரில் ஹோசே சாவேஸ் மொராதோ வரைந்த சுவரோவியங்கள். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

பீப்பிலாவுக்கு எதிர் மலையில் பெரிய சிலை. ஊர் முழுவதையும் காட்டும் அந்தப் பிரபலமான படம் அங்கிருந்து எடுப்பதுதான். ஹுவாரெஸ் அரங்கின் பின்னாலிருந்து இழுவை ரயில் ஏறும். மாலை ஐந்து மணிக்கு மேல் ரயிலில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே சந்து வழியாக நடந்து இறங்குங்கள்.

மம்மிகள் அருங்காட்சியகம் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் முதல் முறை போனேன், இரண்டாம் முறை போகவில்லை. கதை இதுதான்: இடுகாட்டில் கல்லறை இடத்துக்கு வரி கட்ட வேண்டும், உறவினரால் கட்ட முடியாவிட்டால் உடலை எடுத்துவிடுவார்கள். 1865 முதல் அப்படி எடுத்தபோது, காய்ந்த சூழலில் சில உடல்கள் மக்காமல் இருந்தன. அவற்றைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். 1958 வரை இந்தத் தோண்டல் தொடர்ந்தது. ஆக, அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருப்பவர்களில் பலர் வாடகை கட்ட முடியாத வீட்டு மனிதர்கள். கைக்குழந்தைகளும் உண்டு. வெளியே மம்மி உருவத்தில் முறுக்கிய சர்க்கரை மிட்டாய் விற்கிறார்கள், சாரமுஸ்கா என்று பெயர். மரணத்தோடு மெக்ஸிகர்களுக்கு இருக்கும் நெருக்கம் வேறு என்று ஒரு நண்பர் விளக்கினார். இருக்கலாம். எனக்கு மிட்டாய் இறங்கவில்லை.

அதற்குப் பதில் போசீத்தோஸ் தெருவில் ஓவியர் தியேகோ ரிவேரா பிறந்த வீட்டுக்குப் போகலாம். 1886இல் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு தலைநகருக்குப் போய்விட்டார். கத்தோலிக்கப் பற்று மிகுந்த ஊர், அவரோ கடவுள் இல்லை என்ற கம்யூனிஸ்ட். ஊர் அவரைக் கொண்டாட நாளாயிற்று. 1975இல்தான் வீடு அருங்காட்சியகமானது. கீழ்த்தளத்தில் கட்டில், தொட்டில் எல்லாம் அந்தக் காலத்து வீடாகவே வைத்திருக்கிறார்கள்.

ஒரு காலை வேளையை வலென்சியானா சுரங்கத்துக்கு ஒதுக்குங்கள். டவுன் பஸ் மேலே போகும். 18ஆம் நூற்றாண்டில் உலகிலேயே பெரிய வெள்ளிச் சுரங்க மையமாக இந்த ஊர் இருந்தது. அந்த வெள்ளியில் ஒரு பங்கு அகபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலேறி மணிலா வழியாக ஆசியச் சந்தைகளுக்குப் போனது. சுரங்க முதலாளி எழுப்பிய சான் கயெத்தானோ தேவாலயம் 1788இல் முடிந்தது. உள்ளே மூன்று பலிபீடங்கள், தரையிலிருந்து கூரை வரை தங்கத் தகடு. பக்கத்திலேயே பழைய சுரங்க வாய் ஒன்றில் கொஞ்ச தூரம் இறங்க விடுகிறார்கள். இரண்டையும் ஒரே காலையில் பாருங்கள். குனிந்து, வியர்த்து, வழுக்கும் படியில் ஏறி வந்துவிட்டுத் தங்கத்தைப் பார்ப்பது வேறு.

முத்தச் சந்து என்று ஒன்று இருக்கிறது. எதிரெதிர் மாடிகள் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும், காதலர் கதை ஒன்று உண்டு, மூன்றாம் படியில் முத்தமிட்டால் ஏழு வருஷம் அதிர்ஷ்டமாம். ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். தனி ஆளுக்கு அங்கே வேலை இல்லை. தாண்டிப் போங்கள்.

மாலையில் உங்கள் இடம் ஹார்தீன் தெ லா உனியோன். முக்கோண வடிவில் சின்னப் பூங்கா, ஊர்க்காரர்கள் "பாலாடைக்கட்டித் துண்டு" என்பார்கள். சுற்றிலும் கூரை போல் ஒட்ட வெட்டிவிட்ட அடர்ந்த மரங்கள். பெயர் கேட்டேன், "லௌரெல் தெ லா இந்தியா" என்றார்கள். இந்திய லாரல், நம் ஆல் அரசு வகையைச் சேர்ந்த ஒரு ஃபைகஸ். எதிரே ஹுவாரெஸ் அரங்கின் படிக்கட்டு, 1903இல் திறந்தது. அந்தப் படியில் யாரும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். இரவு எட்டு மணியை ஒட்டிப் பழைய ஸ்பானிய மாணவர் போலக் கறுப்பு அங்கி போட்ட இளைஞர்கள் கிதார், மாண்டலினோடு வருவார்கள். அவர்கள் எஸ்துதியந்தீனா. சீட்டு வாங்கிக்கொண்டால் அவர்கள் பின்னாலேயே பாட்டும் கேலியுமாகச் சந்து சந்தாகப் போகலாம். இதுதான் கயெஹோனெயாதா. நகைச்சுவை முழுக்க ஸ்பானிய மொழியில், எனக்குப் பத்தில் இரண்டு புரிந்தது. "தனியாக வந்தவர் யார்?" என்று ஒருவன் கேட்டபோது புரியாமல் கையைத் தூக்கிவிட்டேன். கூட்டம் முழுக்க "ஆஆஆ" என்று இரக்கப்பட்டது. அதோடு ஒரு மெக்ஸிகோ சிட்டிக் குடும்பம் என்னைத் தத்தெடுத்துக்கொண்டது, அன்றிரவு கடைசிவரை அவர்களோடுதான்.

அக்டோபரில் செர்வாந்தீனோ கலை விழா நடக்கும், 1972 முதல். பிரமாதமான விழா, ஆனால் அறை கிடைக்காது, தெருவில் நடக்க இடமிருக்காது. முதல் முறை அதில் மாட்டிக்கொண்டேன். மார்ச் நல்ல காலம், மழை இல்லை, ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரத்து வெள்ளிக்கிழமை எப்போது வருகிறது என்று பாருங்கள். அன்று வியாகுல அன்னைக்கான நாள், ஊரில் பூக்களின் நாள். சதுக்கம் முழுக்கப் பூ, பெண்களுக்குப் பூக் கொடுப்பார்கள், வீடுகளிலும் சுரங்கங்களிலும்கூட அன்னைக்குப் பீடம் அலங்கரித்து வைப்பார்கள். உங்கள் விடுப்பை அதற்குத் தகுந்தபடி நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். அதற்கடுத்த புனித வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், மெக்ஸிகோ முழுக்க விடுமுறையில் இருக்கும்.

சாப்பாடு. "சோய் வெஹெத்தாரியானா", நான் சைவம், என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம், பலருக்குக் கார்னே, அதாவது கறி, என்றால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சிதான். "சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன்", கறி இல்லாமல், கோழி இல்லாமல், பன்றித் தொடை இறைச்சி இல்லாமல், என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒளிந்திருப்பவை இரண்டு: வேகவைத்து மசித்த பயற்றில் பன்றிக் கொழுப்பு, அது மந்தேகா, சிவப்புச் சோற்றில் கோழிச் சாறு. அதைத் தாண்டினால் கவலை இல்லை. சப்பாத்திக் கள்ளியின் மடல், பூசணிப்பூ, சோளக் கதிரில் வளரும் கறுப்புக் காளான், நீளமாகக் கீறிய பொப்லானோ மிளகாய், எதையும் பாலாடைக்கட்டியோடு சோள ரொட்டியில் மடித்துத் தருவார்கள். ஊரின் சொந்தச் சாப்பாடு என்சிலாதாஸ் மினேராஸ், சுரங்கக்காரர் என்சிலாதா. என்சிலாதா என்றால் மிளகாய்ச் சாந்தில் முக்கி மடித்த சோள ரொட்டி. குழாய்த் தண்ணீர் மட்டும் குடிக்காதீர்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இதால்கோ சந்தைக்குப் போங்கள். 1910இல் சுதந்திர நூற்றாண்டுக்காகத் திறந்த இரும்புக் கூரைக் கட்டடம். திறந்து வைத்தவர் அப்போதைய அதிபர் போர்ஃபீரியோ தியாஸ், இரண்டே மாதத்தில் அவருக்கு எதிராகவே புரட்சி வெடித்தது. சாப்பாட்டுக் கடைகளில் மேசை என்று தனியாகக் கிடையாது, அடுப்பைச் சுற்றி ஒரு திண்டு, முன்னால் முக்காலிகள். எல்லோரும் சமைப்பவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், யார் யாரோடு வந்தார்கள் என்றே தெரியாது. நான் உட்கார்ந்ததும் கடைக்கார அம்மா சோள ரொட்டியைக் குவஹீயோ மிளகாய்ச் சாந்தில் முக்கி எடுத்துச் சூடான எண்ணெயில் போட்டார். சடசடவென்று பொரிந்தது, நெடி மூக்கில் ஏறி நான் இருமினேன், அவர் சிரித்தார். பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்து மடித்து, மேலே அதே எண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு, கேரட் துண்டுகளைக் குவித்தார். கோழி வைக்கப் போன கையை "சின் போயோ" என்று நிறுத்தினேன்.

முதல் வாய் வைக்கும்போது பின்னால் ஒரு குரல், "ப்ரொவேச்சோ." திரும்பினால், சாப்பிட்டு முடித்து எழுந்து போகும் ஒரு கொத்தனார், உடம்பெல்லாம் சுண்ணாம்பு. நல்லா சாப்பிடுங்க என்கிற மாதிரி ஒரு சொல். அங்கே சாப்பாட்டுக் கடைக்குள் வருகிறவரும் எழுந்து போகிறவரும் முன்பின் தெரியாதவர்களிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். பதிலுக்கு "கிராசியாஸ்" சொன்னால் போதும். அந்தத் தட்டு முடிவதற்குள் ஏழு பேர் எனக்குச் சொல்லியிருப்பார்கள். காசு கொடுத்துவிட்டு எழும்போது பக்கத்து முக்காலியில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள். நானும் சொன்னேன். உச்சரிப்பு தப்பாக வந்திருக்கும், அவள் நிமிர்ந்து பார்த்து, கரண்டியை வாயிலிருந்து எடுக்காமலே தலையசைத்தாள்.